கருப்பை அறுவையில் காயம்: சிக்கல் எங்கே முடிகிறது, அலட்சியம் எங்கே தொடங்குகிறது?

கருப்பை நீக்க ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போன பெண்ணுக்குப் பத்தாம் நாள் பிறப்புறுப்பு வழியாக நீர் ஒழுகத் தொடங்குகிறது. படுத்தாலும் எழுந்தாலும் நிற்கவில்லை. நாப்கின் மாற்றி மாளவில்லை. வெள்ளைப்படுதல் என்று சொல்லி ஒரு வாரம் மாத்திரை கொடுக்கிறார்கள். அதன்பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், இடப்பக்கச் சிறுநீர்க்குழாயில் ஓட்டை. அந்தப் பக்கச் சிறுநீரகம் வீங்கிக் கிடக்கிறது. "டாக்டர் குழாயை வெட்டிவிட்டாரா?" என்று குடும்பம் கேட்கிறது. "எந்தக் கைதேர்ந்த டாக்டருக்கும் நேரக்கூடிய சிக்கல்தான் இது, நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்று மருத்துவமனை சொல்கிறது.

மகளிர் அறுவை சிகிச்சை பற்றிய புகார்கள் பலவும் இந்த இரண்டு வாக்கியங்களில்தான் தொடங்குகின்றன. பல அங்கேயே சிக்கியும் கிடக்கின்றன. காயம் பட்டது என்பதால் மட்டும் அலட்சியம் நிரூபணமாகிவிடாது. அது பாடப்புத்தகத்தில் உள்ள சிக்கல் என்பதால் மட்டும் மருத்துவர் பொறுப்பிலிருந்து விடுபடவும் முடியாது. கருவி தவறான இடத்தில் பட்ட அந்த ஒரு நொடியைச் சுற்றியே எல்லோரும் வாதாடுகிறார்கள். வழக்கைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் அதற்கு முன் எடுத்த முடிவும், பட்ட பிறகு அதைக் கண்டுபிடிக்க எடுத்துக்கொண்ட நாட்களும்தான்.

சட்டம் தேடுவது என்ன?

நோயாளியிடம் மருத்துவருக்குக் கடமை இருந்ததா, அதில் தவறினாரா, பாதிப்பு உண்டானதா, அந்தப் பாதிப்பு அந்தத் தவறால்தான் உண்டானதா என்ற நான்கையும் புகார் கொடுப்பவர் நிறுவ வேண்டும். கடமை இருந்ததில் சண்டையே வராது. பாதிப்பும் கண்ணுக்குத் தெரியும். வழக்குகள் வெல்வதும் தோற்பதும் மற்ற இரண்டில்தான்.

தவறினாரா என்பதை அளக்க 1957-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கில் வகுக்கப்பட்ட அளவுகோல் போலம் சோதனை எனப்படுகிறது. அந்தத் துறையில் பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாரார் சரி என்று ஏற்கும் முறையில் நடந்துகொண்டவர், வேறு சிலர் மாறுபட்டாலும், அலட்சியமானவர் ஆகமாட்டார். மிகச் சிறந்த நிபுணர் செய்திருப்பாரா என்று இது கேட்பதில்லை. சாதாரணத் திறமையுள்ள மகளிர் அறுவை மருத்துவர் அந்தச் சூழலில் என்ன செய்திருப்பார் என்றே கேட்கிறது. 1997-ல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை இதற்கு ஒரு கடிவாளம் போட்டது. நான்கு மருத்துவர்கள் வந்து "நாங்களும் இப்படித்தான் செய்வோம்" என்று சாட்சி சொன்னால் போதாது, அந்த வழக்கம் தர்க்கத்துக்கு நிற்க வேண்டும் என்றது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2005-ல் போலம் அளவுகோலை ஏற்றது. கூடவே, மருத்துவர் மீது குற்ற வழக்கு தொடுக்க வெறும் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. இழப்பீடு கேட்பதும் சிறைத்தண்டனை கேட்பதும் வேறு வேறு உயரத்திலுள்ள வேலிகள். ஆத்திரத்தில் முதலில் காவல் நிலையம் போகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

சிக்கலுக்கும் அலட்சியத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் தெளிவாகக் காட்டும். ஆபரேஷனுக்குப் பிறகும் கர்ப்பம் உண்டானால் யார் பொறுப்பு? 2000-ல் இந்திய உச்ச நீதிமன்றம் விசாரித்த ஒரு வழக்கில், வலப்பக்கக் கருக்குழாய் மட்டுமே அடைக்கப்பட்டிருந்தது. இடப்பக்கம் தொடப்படவே இல்லை. அது அலட்சியம் என்று தீர்ப்பானது. 2005-ல் வந்த இன்னொரு வழக்கில் அதே நீதிமன்றம், முறையாகச் செய்தாலும் இந்த ஆபரேஷன் சிலருக்குத் தோற்பது உண்டு, கர்ப்பம் உண்டானது என்பதை மட்டும் வைத்து மருத்துவரைக் குற்றம் சொல்ல முடியாது என்றது. அமெரிக்காவில் 1996-ல் வெளியான பெரிய ஆய்வொன்றில், ஆயிரம் பெண்களுக்குப் பத்தாண்டுகளில் 18.5 என்ற அளவில் கருத்தரிப்பு பதிவானது. வெட்டிய முனைகள் தாமாகவே ஒன்று சேர்வதும் உண்டு.

அப்படியானால் ஒரு குறிப்பிட்ட வழக்கில் இரண்டில் எது நடந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கருக்குழாயையும் அதன் பக்கத்திலேயே ஓடும் வட்டத் தசைநாரையும் அவசரத்தில் மாற்றிப் பிடித்துவிட முடியும். அதனால்தான் குழாயை விரல்போன்ற முனை தெரியும் வரை தொடர்ந்து பார்த்துவிட்டுக் கட்ட வேண்டும் என்பது பயிற்சியில் முதலில் சொல்லித்தரும் பாடம். வெட்டியெடுத்த துண்டுகள் திசு ஆய்வுக்குப் போயிருந்தால், இரண்டும் கருக்குழாய்தானா என்று அந்த அறிக்கையே சொல்லிவிடும். அடுத்த பிரசவம் சிசேரியனாக நடந்தால், அப்போது குழாய்களின் நிலையைப் பார்த்து எழுதச் சொல்ல வேண்டும். இதைவிட நேரடியான சாட்சி கிடைக்காது.

சிறுநீர்க்குழாய்: ஏன் இத்தனை வழக்குகள்?

மருத்துவர்கள் யூரேட்டர் என்று சொல்லும் இந்தக் குழாய் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம் ஓடுகிறது. பெண்ணின் இடுப்புக்குள் கருப்பையை எடுக்க எங்கெல்லாம் கட்டி வெட்ட வேண்டுமோ, அங்கெல்லாம் இதுவும் வந்து நிற்கிறது. இடுப்பின் விளிம்பில், சினைப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் நாளங்களை ஒட்டி உள்ளே இறங்குகிறது. பிறகு கருப்பைக்குப் போகும் ரத்தக்குழாய்க்கு அடியில் கடக்கிறது. பாலத்துக்கு அடியில் தண்ணீர் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்வது இந்த இடத்தைத்தான். அங்கே கருப்பை வாய்க்கும் யூரேட்டருக்கும் இடையே உள்ள தூரம் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர்தான். கடைசியாக யோனியின் மேல் மூலையை ஒட்டி முன்புறம் திரும்பிச் சிறுநீர்ப்பைக்குள் நுழைகிறது. காயங்கள் பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில்தான் நேர்கின்றன.

வெட்டுவது ஒன்றுதான் காயம் என்று நினைக்கக் கூடாது. ரத்தக்குழாயைப் பிடிக்கும் இடுக்கியான கிளாம்பில் சேர்ந்து நசுங்கலாம். தையலில் முழுதாகக் கட்டப்பட்டுவிடலாம். பக்கத்துத் தையல் இழுத்ததில் வளைந்து அடைபடலாம். வெளியுறையை அதிகமாக உரித்துவிட்டால் ரத்த ஓட்டம் குறைந்து சுவர் மெல்ல அழுகலாம். சிறு துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் செலுத்திச் செய்யும் லேப்ராஸ்கோபியில் மின்சாரக் கருவியின் சூடு சில மில்லிமீட்டர் தள்ளிப் பரவி, அன்று நன்றாகத் தெரிந்த குழாய் ஒன்று இரண்டு வாரத்தில் ஓட்டையாகலாம். இந்தக் கடைசி வகையில், ஆபரேஷன் முடிந்ததும் சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபி செய்து, யூரேட்டர்கள் திறக்கும் இரண்டு துவாரங்களிலிருந்தும் சிறுநீர் பீச்சுவதைக் கண்டிருந்தாலும் காயம் கண்ணுக்குத் தப்பிவிடும். "பரிசோதித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்" என்ற வாதம் கட்டுக்கும் வெட்டுக்கும் பொருந்தும். சூட்டுக் காயத்துக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

எவ்வளவு அரிது இது? பிரிட்டனில் மகப்பேறு, மகளிர் மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2009-ல் வெளியிட்ட ஒப்புதல் வழிகாட்டி, வயிற்றைத் திறந்து செய்யும் கருப்பை நீக்கத்தில் சிறுநீர்ப்பைக்கோ யூரேட்டருக்கோ காயம் நேர்வதை ஆயிரத்துக்கு 7 என்றும், குடல் காயத்தைப் பத்தாயிரத்துக்கு 4 என்றும் சொல்கிறது. முன்பு சிசேரியன் ஆனவர்கள், கருப்பை உட்சுவர் போன்ற திசு வெளியேயும் வளரும் எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்கள், பெரிய நார்க்கட்டி பக்கவாட்டில் வளர்ந்தவர்கள், ரத்தம் பீறிட்டு அவசரமாகக் கிளாம்ப் போட வேண்டி வந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடும். ஆனாலும் எந்தச் சிரமமும் இல்லாத எளிய ஆபரேஷன்களிலும் இந்தக் காயம் நேர்கிறது. அதனால்தான் வெறும் காயத்தை வைத்து நீதிமன்றம் முடிவெடுக்கத் தயங்குகிறது.

யூரேட்டர் எங்கே இருக்கிறது என்று மருத்துவர் தேடினாரா என்பதே அறுவை அரங்குக்குள் நடந்ததைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி. அது புழுவைப்போல் நெளிந்து சுருங்கும். ரத்தக்குழாய் அப்படிச் செய்யாது. சினைப்பை நாளங்களைக் கட்டும் முன் அந்த நெளிவைக் கண்ணால் பார்க்க வேண்டும். கருப்பை ரத்தக்குழாயைப் பிடிக்கும் முன் சிறுநீர்ப்பையை நன்றாகக் கீழே தள்ளி, கிளாம்பைக் கருப்பையை ஒட்டியே போட வேண்டும். ரத்தம் வரும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு தையல் குத்தக் கூடாது. விரலால் அழுத்திப் பிடித்து, ரத்தத்தை உறிஞ்சி, இடம் தெரிந்த பிறகே குத்த வேண்டும். இவை செய்யப்பட்டனவா என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி பெரும்பாலும் ஆபரேஷன் குறிப்புதான்.

இரண்டு விதக் குறிப்புகளைப் பார்க்கலாம். ஒன்று: "வழக்கமான முறையில் கருப்பை நீக்கப்பட்டது. ரத்தக்கசிவு கட்டுப்படுத்தப்பட்டது. வயிறு அடுக்கடுக்காக மூடப்பட்டது." இன்னொன்று: "இடப்பக்கச் சினைப்பை குடலோடு ஒட்டியிருந்தது, ஒட்டு பிரிக்கப்பட்டது. இடுப்பு விளிம்பில் யூரேட்டர் கண்டறியப்பட்டது, நெளிவு தெரிந்தது. அதற்கு மேலே சினைப்பை நாளங்கள் கட்டப்பட்டன. இடப்பக்க யோனி மூலையில் கசிவு, இரண்டு கூடுதல் தையல்கள். சிஸ்டோஸ்கோபியில் இருபுறமும் சிறுநீர் பீச்சியது." இரண்டு ஆபரேஷன்களிலும் ஒரே காயம் நேர்ந்திருக்கலாம். இரண்டாவதைப் படிக்கும் நிபுணர், அந்த இரண்டு கூடுதல் தையல்களில்தான் குழாய் இழுபட்டிருக்கும் என்று ஊகிப்பார். அதே மூச்சில், மருத்துவர் கவனமாகவே வேலை செய்தார் என்றும் எழுதுவார். முதலாவதை எழுதியவர் உண்மையில் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தாலும் அதைக் காட்ட அவரிடம் ஒன்றுமில்லை. நீளமான குறிப்பு மருத்துவரை மாட்டிவிடும் என்று இளம் மருத்துவர்களிடம் சொல்லப்படுவதுண்டு. அது தவறான அறிவுரை.

கண்டுபிடிக்கப் பிந்திய நாட்கள்

யூரேட்டர் காயங்களில் பெரும்பகுதி அறுவை மேசையில் தெரிவதில்லை. அங்கேயே தெரிந்தால் தையலை அவிழ்த்து, குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற மெல்லிய உட்குழாயை வைப்பதோடு முடிந்துபோகலாம். வெட்டுப்பட்டிருந்தாலும் அன்றே மறுபடி இணைத்துவிடலாம். தெரியாமல் போனால் அடுத்த சில நாட்களின் அறிகுறிகள்தான் வழி. இடுப்புக்கு மேல் ஒருபக்க வலி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், குறையாத வயிற்று உப்புசம், குடல் அசையாமல் மலங்காற்று பிரியாதது, வயிற்றுக்குள் சேரும் நீரை வெளியேற்ற வைக்கும் டிரெயின் குழாயில் தெளிந்த நீர் கூடிக்கொண்டே போவது ஆகியவை. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் வேறு எளிய விளக்கம் சொல்லிவிட முடியும். அங்கேதான் ஆபத்து.

சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினினின் ரத்த அளவு ஏமாற்றக்கூடியது. ஒரு குழாய் மட்டும் அடைபட்டால் மற்ற சிறுநீரகம் ஈடு கொடுக்கும். ஏற்றம் சிறியதாகவே இருக்கும். ஆபரேஷனுக்கு முன் 0.6 இருந்தது மூன்றாம் நாள் 1.0 என்று வந்தால், ஆய்வகத் தாளில் அது சாதாரண வரம்புக்குள்தான் நிற்கும், சிவப்பு எழுத்தில் வராது. முந்தைய அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்குத்தான் அது எச்சரிக்கை. டிரெயினில் வரும் நீரையும் சோதிக்கலாம்: வயிற்று நீர் என்றால் அதன் கிரியேட்டினின் ரத்தத்தில் உள்ளதை ஒட்டியே இருக்கும், சிறுநீர் என்றால் பல மடங்கு கூடுதலாக இருக்கும். எங்கும் செய்யக்கூடிய எளிய சோதனை இது. செய்யப்படாமல் போனதுதான் பல வழக்குகளின் திருப்பம்.

யோனி வழியாக நீர் ஒழுகினால் மூன்று பஞ்சு சோதனை உதவும். யோனியில் மேலிருந்து கீழாக மூன்று பஞ்சுத் துண்டுகளை வைத்து, கேத்தட்டர் என்ற சிறுநீர் வடிகுழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் மெத்திலீன் நீலம் என்ற சாயம் கலந்த நீரை ஏற்றுவார்கள். மேல் பஞ்சு நனைந்து நீல நிறம் ஏறாமல் இருந்தால் ஓட்டை யூரேட்டரில். நீலமானால் சிறுநீர்ப்பையில். பிறகு, ரத்தத்தில் சாயம் ஏற்றி, தாமதப் படங்களும் சேர்த்து எடுக்கும் சிடி யூரோகிராம் என்ற ஸ்கேன் இடத்தைத் துல்லியமாகக் காட்டும். அந்தச் சாயம் சிறுநீரோடு இறங்கும் முன்பே படத்தை நிறுத்திவிட்டால் கசிவு தெரியாது. சிடி எடுத்தும் எதுவும் தெரியவில்லை என்று சொல்லப்பட்ட சந்தர்ப்பங்களில், அது எந்தக் கட்டத்தோடு நின்றது என்று பார்க்க வேண்டும்.

இழப்பீட்டுக் கணக்கு இங்கேதான் நுணுக்கமாகிறது. காயமே அலட்சியமல்ல என்று நீதிமன்றம் ஏற்றாலும், ஐந்தாம் நாளே தெரிந்திருக்க வேண்டியது ஐம்பதாம் நாள் தெரிந்தது அலட்சியம் என்று முடிவாகலாம். அப்போது காயத்துக்கு அல்ல, தாமதம் கூட்டிய பாதிப்புக்கே இழப்பீடு. உரிய நாளில் ஸ்டென்ட்டால் சரியாகியிருக்கக்கூடிய குழாயை, சதையிறுகிப் போன பிறகு வெட்டிச் சிறுநீர்ப்பையில் புதிதாகப் பொருத்த வேண்டி வந்தது. முழு அடைப்போடு மாதக்கணக்கில் இருந்த சிறுநீரகம் செயலிழந்தது. இந்த வித்தியாசத்தை ஒரு சிறுநீரகவியல் நிபுணர் எழுதித் தர வேண்டும். சிறுநீரகம் போனதைக் காட்டும், அதன் செயல்பாட்டை அளக்கும் ஐசோடோப் ஸ்கேன் அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு நிற்பவர், அது எப்படியும் போயிருக்கும் என்று எதிர்த்தரப்பு சொன்னால் பதில் இல்லாமல் திகைப்பார்.

சிறுநீர்ப்பைக் காயத்தில் இவ்வளவு பிரச்சினை எழுவதில்லை. சிசேரியன் தழும்பு உள்ளவர்களுக்கு அது கிழிவது தெரிந்த ஆபத்து. பார்த்தவுடன் இரண்டு அடுக்காகத் தைத்து, ஒரு வாரத்துக்கு மேல் கேத்தட்டர் வைத்தால் பெரும்பாலும் முழுதாக ஆறிவிடும். கிழிந்ததை மறைத்து, "சிறுநீர் வர நேரமாகும்" என்று அனுப்பிவைப்பதுதான் வழக்காகிறது.

குடல்

லேப்ராஸ்கோபியில் முதல் குழாயை வயிற்றுக்குள் செலுத்தும் நேரம் மிக ஆபத்தானது, ஏனென்றால் அது கண்ணால் பார்க்காமல் செய்யும் வேலை. முதலில் கார்பன் டை ஆக்சைடு ஏற்றி வயிற்றுச் சுவரை உறுப்புகளிலிருந்து தூக்கி நிறுத்துகிறார்கள். டிரோக்கார் எனப்படும் அந்த முதல் குழாய் நுழையும் வரை அழுத்தம் 20 முதல் 25 மி.மீ. பாதரசம், பிறகு 12 முதல் 15 ஆகக் குறைப்பது ஏற்கப்பட்ட முறை. தொப்புளை ஒட்டி முன்பு ஆபரேஷன் ஆன தழும்பு இருந்தால் குடல் அங்கே ஒட்டியிருக்கலாம். அப்போது இடது விலா எலும்புக்குக் கீழே 3 சென்டிமீட்டரில், பால்மர் புள்ளி எனப்படும் இடத்தில் நுழையலாம். அல்லது சிறிதாகத் திறந்து பார்த்து நுழையலாம். தழும்பைப் பார்த்தும் வழக்கமான இடத்திலேயே குத்தியிருந்தால், ஏன் என்று கேட்கலாம். எத்தனை முறை ஊசி குத்தப்பட்டது, அழுத்தம் எவ்வளவு என்று குறிப்பில் இருக்க வேண்டும்.

குடல் காயத்தில் உயிர் போவது பெரும்பாலும் தாமதத்தால்தான். லேப்ராஸ்கோபி முடிந்தவருக்கு ஒவ்வொரு நாளும் வலி குறைய வேண்டும். இரண்டாம் நாளுக்குப் பிறகு வலி கூடினால், நாடித்துடிப்பு ஏறினால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை குடலில் ஓட்டை என்றே நினைத்துப் பார்க்க வேண்டும். காய்ச்சல் இல்லை, வெள்ளணு கூடவில்லை என்பது ஆறுதல் ஆகாது; பரவலான தொற்றில் வெள்ளணு குறையவும் செய்யும். சூட்டால் வெந்த குடல் சில நாள் கழித்துத்தான் உடையும் என்பதால், வீட்டுக்குப் போன பிறகு போனில் வலி என்று சொன்னபோது என்ன பதில் கிடைத்தது என்பதும் வழக்கில் கணக்கில் வரும். அந்த அழைப்பின் தேதியையும் நேரத்தையும் யாரிடம் பேசினோம் என்பதையும் குடும்பம் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

எண்ணினால் தெரிவது

சில தவறுகளுக்கு இவ்வளவு வாதம் தேவையில்லை. வயிற்றுக்குள் கட்டுத்துணி விட்டுப்போனால், அந்தச் சம்பவமே தவறைப் பேசும் என்ற கோட்பாட்டின்படி, தாங்கள் அலட்சியமாக இல்லை என்று விளக்கும் பொறுப்பு மருத்துவமனையின் மேல் விழுகிறது. ஆபரேஷன் தொடங்கும் முன், வயிற்றின் உட்சுவரை மூடும் முன், தோலை மூடும்போது என எண்ணிக்கை நடக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறிமுகப்படுத்திய அறுவை பாதுகாப்புப் பட்டியலிலும் இந்த எண்ணிக்கை இடம்பெற்றிருக்கிறது. ஆனால் விட்டுப்போன பல சம்பவங்களில் எண்ணிக்கைத் தாளில் "சரி" என்றே எழுதியிருக்கும். எண்ணியவர் யார், இடையில் செவிலியர் மாறினாரா, கூடுதல் துணி கேட்டு வாங்கியது சேர்க்கப்பட்டதா என்று தோண்ட வேண்டும்.

கருப்பைக்குள் கேமரா செலுத்திச் செய்யும் ஹிஸ்டெரோஸ்கோபியும் அப்படித்தான். கருப்பைக்குள் ஏற்றிய திரவத்துக்கும் திரும்பி வந்ததற்கும் உள்ள வித்தியாசம் உடலுக்குள் போய்விட்டது என்று பொருள். கிளைசின் போன்ற உப்பற்ற திரவத்தில் 1000 மி.லி. குறைந்தால் நிறுத்த வேண்டும். உப்புநீரான சலைனில், உடல்நலமுள்ள பெண்ணுக்கு, 2500 மி.லி. வரை. தாண்டினால் உப்பற்ற திரவம் ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து மூளையை வீங்கச் செய்யும், சலைன் நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும். கணக்குத் தாளே இல்லை என்றால், அதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

கையெழுத்து எதற்கு, எதற்கு இல்லை?

ஒப்புதல் படிவத்தில் "யூரேட்டர் காயம் ஏற்படலாம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது, அந்த ஆபத்தை அறிந்து சம்மதித்தார் என்பதற்கு மட்டுமே சான்று. அலட்சியமாகச் செய்வதற்கு யாரும் சம்மதிப்பதில்லை. அதற்கான அனுமதியைப் படிவத்தில் எழுதி வாங்கவும் முடியாது.

2008-ல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒவ்வொரு மகளிர் மருத்துவரும் அறிந்திருக்க வேண்டியது. 44 வயதுப் பெண் ஒருவர் நோயறிவதற்கான லேப்ராஸ்கோபிக்கு மயக்கம் கொடுக்கப்பட்டுப் படுத்திருந்தார். உள்ளே பார்த்த மருத்துவர், மயக்கத்தில் இருந்தவரை எழுப்பிக் கேட்காமல், வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார். நோயறியக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது, உடனே செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய காத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும், சுயநினைவு திரும்பக்கூடிய வயதுவந்த பெண்ணுக்காக உறவினர் சம்மதிக்க முடியாது என்பது தீர்ப்பு. மருத்துவர் நல்லெண்ணத்தில் செய்தார், அந்த நோய்க்கு அதுவும் ஒரு சிகிச்சைதான் என்ற வாதங்கள் அவரை முழுதாகக் காப்பாற்றவில்லை. கணவரிடமோ தாயிடமோ கையெழுத்து வாங்கினால் போதும் என்று இன்னமும் நினைக்கிற இடங்கள் இருக்கின்றன. அந்த உடல் அந்தப் பெண்ணுடையது.

எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதிலும் அளவுகோல் நகர்ந்திருக்கிறது. 2015-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், மற்ற மருத்துவர்கள் சொல்வார்களா என்று பார்ப்பதை விட்டு, அந்த நோயாளியின் இடத்தில் உள்ள நியாயமான ஒருவருக்கு முக்கியமாகப் படும் ஆபத்து எது என்று பார்த்தது. மாற்று வழிகளையும் சொல்லியிருக்க வேண்டும் என்றது. மகளிர் அறுவையில் இதற்கு நல்ல உதாரணம் மார்செலேட்டர். நார்க்கட்டியை வயிற்றுக்குள்ளேயே துண்டாக்கி எடுக்கும் இந்தக் கருவி பற்றி, 2014-ல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகள் கண்காணிப்பு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது: நார்க்கட்டி என்று நினைத்து ஆபரேஷன் செய்யப்படும் பெண்களில் சுமார் 350 பேரில் ஒருவருக்கு அறியப்படாத புற்றுநோய் இருக்கலாம், துண்டாக்கினால் அது பரவலாம் என்று. அந்தத் தகவல் வெளிவந்த பிறகு, அதைச் சொல்லாமல் கருவியைப் பயன்படுத்தியவர் அறுவையை எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தாலும் கேள்விக்கு உள்ளாவார்.

இன்னொரு கேள்வியைக் குடும்பங்கள் கேட்பதே இல்லை: இந்த ஆபரேஷன் வேண்டியிருந்ததா? அதிக உதிரப்போக்குக்கு அதைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்து, ஹார்மோன் உள்ள காப்பர்-டி போன்ற கருவி, கருப்பை உட்சுவரைச் சுடும் சிகிச்சை என்று படிகள் இருக்கின்றன. உட்சுவரில் சந்தேகம் இருந்தால் முதலில் சிறு திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி. இவற்றில் எதுவும் பேசப்படாமல், சிறிய நார்க்கட்டிக்கு நேராகக் கருப்பை நீக்கம் நடந்து, அதில் யூரேட்டர் காயம் என்றால், காயம் தவிர்க்க முடியாதது என்ற வாதம் வலுவிழக்கிறது. ஆபரேஷன் நடந்திருக்காவிட்டால் காயமே இல்லை. எடுத்த கருப்பையின் திசு ஆய்வு அறிக்கையையும் ஆபரேஷனுக்கு முன் எழுதிய காரணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். மாதவிடாய் நிற்காத வயதில் நோயற்ற சினைப்பைகளும் சேர்த்து எடுக்கப்பட்டிருந்தால், அதற்குத் தனியாகச் சம்மதம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எலும்பும் இதயமும் பிற்காலத்தில் அதற்கு விலை கொடுக்கும்.

கேட்டு வாங்க வேண்டியவை

முதலில் உடலைச் சரிசெய்ய வேண்டும், தேவைப்பட்டால் வேறு மருத்துவமனையில், சிறுநீரகவியல் அறுவை நிபுணரிடம். அங்கே மறு ஆபரேஷன் செய்பவர் என்ன கண்டார் என்று எழுதுவது முக்கியச் சான்றாகும்: கரையாத தையல் குழாயைச் சுற்றி இருந்ததா, வெட்டு நேராக இருந்ததா, கருகிய விளிம்பா. படம் எடுத்து வைக்கச் சொல்லலாம்.

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. அது எல்லாம் முடிந்த பிறகு எழுதிய சுருக்கம். ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருத்துவரின் தாள், செவிலியர் எழுதிய நாடி, வெப்பம், சிறுநீர் அளவுப் பட்டியல், டிரெயின் அளவு, எண்ணிக்கைத் தாள், ஒப்புதல் படிவம், திசு ஆய்வு அறிக்கை, ஆய்வக அறிக்கைகள் எல்லாவற்றின் நகலையும் எழுத்தில் கேட்க வேண்டும். லேப்ராஸ்கோபி என்றால் வீடியோப் பதிவு இருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே கேட்க வேண்டும், பல இடங்களில் அது சில நாளில் அழிக்கப்பட்டுவிடும். செவிலியர் பட்டியலில்தான் பெரும்பாலும் உண்மை கிடக்கிறது. மருத்துவர் "நலம்" என்று எழுதிய அதே காலையில் நாடி 118, சிறுநீர் நான்கு மணி நேரத்தில் 60 மி.லி. என்று அங்கே இருக்கும்.

மருத்துவர்கள் தரப்புக்கும் ஒன்று. பிழையாக எழுதியதை ஒரே கோட்டால் அடித்து, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட வேண்டும். பின்னால் நினைவுக்கு வந்ததைப் பின்னால் எழுதியது என்று சொல்லியே எழுத வேண்டும். காப்பாற்றக்கூடிய ஒரு வழக்கைப் பூசி மறைத்த பதிவு தோற்கடித்துவிடும். காயம் தெரிந்த அன்றே நோயாளியிடம் நேராகச் சொல்வதும், அப்படிச் சொன்னதைக் கேஸ் ஷீட்டில் எழுதுவதும் மருத்துவரின் கடமை. அவருக்கும் அதுவே பாதுகாப்பு.

நிபுணர் கருத்து கேட்கும்போது அதே துறையில் வேலை செய்பவரிடம், முழுப் பதிவையும் கொடுத்து, குறிப்பான கேள்விகளோடு கேட்க வேண்டும். "அலட்சியமா?" என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். யூரேட்டரை அடையாளம் காண எடுத்த முயற்சி பதிவாகியிருக்கிறதா, மூன்றாம் நாள் அறிகுறிகளைப் பார்த்த சாதாரண மருத்துவர் என்ன சோதனை செய்திருப்பார், அன்றே செய்திருந்தால் இந்தச் சிறுநீரகம் பிழைத்திருக்குமா என்று கேட்டால் பயன்படும் விடை கிடைக்கும். வழக்குத் தொடரக் கால வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் அது காயம் பட்ட நாளிலிருந்தும், சில இடங்களில் தெரியவந்த நாளிலிருந்தும் ஓடும். அதனால் வழக்கறிஞரைப் பார்க்கும்போது ஆபரேஷன் தேதியோடு, முதல் அறிகுறி வந்த தேதியும் காயத்தை முதலில் காட்டிய ஸ்கேனின் தேதியும் கையில் இருக்க வேண்டும்.